முழு மதிப்பெண் வாங்கிய கண்

சிறார் பார்வை உதவி வாரியத்திலிருந்து தேவையுள்ள எந்தக் குழந்தையும் கண்ணாடி இல்லாமல் திரும்பியதில்லை என்று அதன் வாசலில் இருந்த பலகை சொன்னது. அதில் பொய் எதுவும் இல்லை. தேவையுள்ள குழந்தை என்று வாரியம் ஒப்புக்கொண்டவர்கள் எல்லோரும் கண்ணாடியோடுதான் போனார்கள். ஒப்புக்கொள்ளும் விஷயத்தில் மட்டும் வாரியம் கொஞ்சம் நிதானம் காட்டியது. அவசரப்பட்டு ஒப்புக்கொண்டதாக யாரும் அதன்மேல் குறை சொல்ல முடியாது.

சிட்டுவின் அம்மா அந்தப் பலகையை முதல் நாளே மகளுக்கு வாசித்துக் காட்டினாள். சிட்டு அண்ணாந்து பார்த்தாள். அவள் பார்த்த திசையில் இருந்தது ஒரு மின்கம்பம்.

"நல்லா இருக்கும்மா," என்றாள் மரியாதைக்கு.

சிட்டுவின் அம்மா ஒரு மெத்தைக் கடையின் பின்னறையில் வேலை பார்த்தாள். பஞ்சு அடைத்த மெத்தையின் விளிம்பை வளைந்த ஊசியால் இழுத்து இழுத்துத் தைக்கும் வேலை. பேச்சுத் துணைக்கு அங்கே ஆள் கிடையாது, முன்கடையிலிருந்து முதலாளி எப்போதாவது "முடிஞ்சுதா?" என்பார், இவள் "இதோ" என்பாள். பல நாட்களில் அவள் பெரியவர்களோடு பேசும் பேச்சு அவ்வளவுதான். சிட்டுவின் அப்பா வேலை தேடிக் கடல் தாண்டிப் போனவர். முதலில் பேச்சு குறைந்தது, பிறகு நின்றது. அவரைப் பற்றி விசாரித்துவந்த சொந்தக்காரர்களும் மெல்ல மெல்ல விசாரிப்பதை விட்டார்கள். நல்ல பதில் வராத கேள்வியை எத்தனை தடவைதான் கேட்பார்கள்?

வாரியத்துக்கு வருமுன் சிட்டுவின் ஆசிரியை கூப்பிட்டனுப்பியபோது, அம்மா என்னவோ வம்பு என்று பயந்துகொண்டுதான் போனாள்.

"பொண்ணு மக்கு இல்லைம்மா. கண்ணுதான் கோளாறு. நான் வாயால சொல்றதெல்லாம் பிடிச்சுக்கிறா, பலகையில எழுதுனா முழிக்கிறா," என்றார் ஆசிரியை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாசக் கடைசிக்குள்ள கண்ணாடி போட்டுடுங்க. இல்லைன்னா மெதுவாப் படிக்கிறவங்க வகுப்புக்கு மாத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அங்க போன பிள்ளைங்க யாரும் இந்தப் பக்கம் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை."

அந்த வகுப்பு வராந்தாவின் கோடியில், உடைந்த பெஞ்சுகள் அடுக்கிய அறைக்குப் பக்கத்தில் இருந்தது. சிட்டுவின் அம்மா போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். சில குழந்தைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சும்மா உட்காரப் பழகிய குழந்தைகள்.

கண் மருத்துவரிடம் போய்க் காட்டிக் கண்ணாடி வாங்கித் தர அவளால் முடியாது. முடிந்திருந்தால் இந்தக் கதைக்கு வாரியம் தேவைப்பட்டிருக்காது.

வாரியத்தின் கூடம் நீளமானது. ஒரு கோடியில் பெஞ்சுகள், மறுகோடியில் ஒரு சின்ன விளக்குப் பெட்டி. அதில் சிவப்பு எண் மாறிக்கொண்டே இருக்கும். கையில் உள்ள டோக்கனின் எண் வந்ததும் எழுந்து மேசைக்குப் போகவேண்டும். எண் வந்தது. அம்மா மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். மேசைக்குப் பின்னால் டோக்கன்காரர் இருந்தார். அவர் போட்டிருந்த கண்ணாடியின் வில்லை தடிமனாக இருந்ததால் கண்கள் எங்கோ கிணற்றுக்குள் இருப்பதுபோலத் தெரிந்தன.

"எண்ணை யாரும்மா பார்த்தது?"

"நான்தான் சார்."

"உதவி கேக்குறது நீங்களா, குழந்தையா?"

"குழந்தைதான்."

"அப்போ குழந்தைதானே பார்த்துட்டு வரணும்?"

"அவளுக்குத் தெரியாது சார். தெரிஞ்சா நாங்க ஏன் இங்க வரப்போறோம்?"

டோக்கன்காரர் பேனாவை மூடினார். "தெரியலைன்னு நாங்க சொன்னா அது முடிவு. நீங்க சொன்னா அது வதந்தி. இப்போ பாருங்க, வீட்டுல பார்க்கத் தெரிஞ்ச ஒரு பெரியவங்க இருக்காங்கன்னு நிரூபணம் ஆயிடுச்சு. பதினோராம் விதிப்படி இது பார்வைத் துணை உள்ள குழந்தை. துணை உள்ள குழந்தைக்குக் கண்ணாடி கொடுத்தா, ஒரே குழந்தைக்கு ரெண்டு உதவி கொடுத்ததா ஆகும். தணிக்கையில கேள்வி வரும்."

"நான் வேலைக்குப் போயிடுவேனே சார். பள்ளிக்கூடத்துல இவ பக்கத்துல நான் உக்கார முடியுமா?"

"அது உங்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள விவகாரம்."

பார்வைத் துணை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் அவளோடு வந்தது. தன்னை ஒருவருக்குத் துணை என்று ஒரு அலுவலகமே எழுதி முத்திரை குத்தியிருக்கிறது. தனக்கு யார் துணை என்று படிவத்தின் எந்தக் கட்டத்திலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பாள் என்று யோசித்தாள். ஒரு கோடு இழுத்திருப்பாள்.

மறுபடி போனபோது டோக்கன்காரர்தான் வழி சொன்னார். "நீங்க வெளிய நில்லுங்க. குழந்தை தனியா உக்காரட்டும். துணை இல்லாம வந்ததா பதிஞ்சுக்கிறேன்."

சிட்டு தனியாக உட்கார்ந்தாள். அம்மா வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிட்டுவின் எண் வந்தது, ஒளிர்ந்தது, போனது. சிட்டு கால்களை ஆட்டிக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'அழைத்தும் வராதவர்' என்று டோக்கன்காரர் எழுதினார். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும். அந்த நாட்களில் எழுந்து போனவர்களில் எண்ணைப் பளிச்சென்று பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் பரிசோதனைக்குப் போய், பார்வை நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். பார்க்கத் தெரியாதவர்கள் பெஞ்சிலேயே இருந்தார்கள். மாலையில் கூடத்தைப் பெருக்க வந்தவர் அவர்களை எழுப்பிவிட்டார். இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யும் ஏற்பாட்டை சிட்டுவின் அம்மா வேறெங்கும் பார்த்ததில்லை.

மெத்தைக் கடை முதலாளிக்குப் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. "உன் பொண்ணு கண்ணு சரியாகுறதுக்குள்ள என் கண்ணு அவிஞ்சுடும் போலிருக்கே," என்றார்.

ஒரு பிற்பகல், கூட்டம் குறைந்திருந்த நேரம். விளக்குப் பெட்டியில் எண் மாறியதும் டோக்கன்காரர் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல உரக்கச் சொன்னார். எண்ணை வாயால் சொல்லக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. சொல்லலாம் என்றும் இல்லை; அதனால் யாரும் சொன்னதில்லை. சிட்டு துள்ளி எழுந்து குரல் வந்த பக்கம் போனாள்.

பரிசோதனை அறையில் பழைய நாற்காலிகள் போட்டு வைத்திருந்ததால் பரிசோதனை கூடத்திலேயே நடக்கும். சுவரில் எழுத்து அட்டை, அதன் பக்கத்தில் குச்சியோடு பரிசோதகர் அம்மா. ஜன்னலுக்கு வெளியே நின்ற அம்மாவுக்குச் சத்தம் கேட்கவில்லை. குச்சி முதல் வரியைத் தொட்டது. சிட்டுவின் உதடு அசைந்தது. குச்சி இறங்கியது. உதடு அசைந்தது. குச்சி இன்னும் இறங்கியது; தயங்கித் தயங்கி இறங்கவேண்டிய குச்சி, மாடிப்படியில் ஓடிவரும் பிள்ளைபோலத் தடதடவென்று அடிவரிக்கு வந்துவிட்டது. பரிசோதகர் அம்மா புருவத்தைத் தூக்கினார்.

சிட்டு வெளியே ஓடிவந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அம்மா! முழு மார்க்! ஒண்ணுகூடத் தப்பில்ல!"

"அந்த எழுத்தெல்லாம் உனக்குத் தெரிஞ்சுதாடி?"

"எந்த எழுத்து?"

"சுவத்துல இருந்துச்சே?"

"அங்க எழுத்து இருந்துச்சா?" சிட்டு நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "அவங்க குச்சியால தட்டுவாங்கம்மா. ஒரு தட்டுக்கு ஒரு எழுத்து சொல்லணும். எல்லாப் பிள்ளைங்களும் சொன்னதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வந்துடுச்சு. க. ப, ட. ம, ய, ச. அப்புறம் ந, ல, வ, ர..."

பள்ளிக்கூடத்தில் பாடத்தைக் காதால் பிடித்துக்கொண்டு தப்பித்துவந்த குழந்தை. பரீட்சை என்றால் பாஸ் பண்ணவேண்டும் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். அவளைத் திட்ட வாயெடுத்த அம்மா, அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். மகள் முழு மதிப்பெண் வாங்கி அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பரிசோதகர் அம்மாவிடம் போய்க் கெஞ்சினாள். "மேடம், அவ மனப்பாடமா ஒப்பிச்சிருக்கா."

"எங்க அட்டையையா? அது ரகசிய ஆவணம்மா."

"கூடத்துல எல்லாரும் பார்க்கத் தொங்குதே மேடம்."

"தொங்குனா ரகசியம் இல்லைன்னு ஆயிடுமா? நல்லா இருக்கே நியாயம்!"

"வேற எழுத்து ஏதாவது காட்டி ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்."

"வேற எழுத்துக்கு டெண்டர் விட்டிருக்கோம். வர்றதுக்குள்ள உங்க பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும்." பரிசோதகர் அம்மா கொஞ்சம் கனிந்தார். "ஞாபகசக்தி ஜாஸ்தின்னா அதுக்கு வேற வாரியம் இருக்கு, அங்க போங்க. கண்ணைப் பொறுத்தவரைக்கும் முழுப் பார்வைன்னு எழுதியாச்சு. முழுப் பார்வை ஒரு வருஷத்துக்குக் குறையாது."

"குறைஞ்சா?"

"குறைஞ்சா நாங்க எழுதினது தப்புன்னு ஆயிடும். அதனால குறையாது."

அன்று மாலை வீட்டில் சிட்டு சுவரில் சாய்ந்துகொண்டு, யாரும் கேட்காமலே சொன்னாள்: "அம்மா, கிளாஸ்ல எல்லாரும் எனக்குத் திமிருன்னு சொல்றாங்க."

"ஏன்?"

"அவங்க சிரிச்சா நான் திருப்பிச் சிரிக்க மாட்டேங்குறேனாம். அவங்க சிரிக்கிறாங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? இப்போ நான் எல்லார்கிட்டயும் சும்மாவே சிரிச்சு வெக்கிறேன். அதுக்கு லூசுங்குறாங்க."

அம்மா அவளுக்குத் தலை வாரிவிட்டாள். தனக்கும் தெருவில் அதே பெயர்தான் இருந்தது, திமிர் பிடித்தவள். எதிரில் வருபவர்களின் முகம் அவளுக்கு நன்றாகத்தான் தெரிந்தது. வீட்டுக்காரர் எப்ப வர்றார் என்று கேட்கப் போகிறவர்களின் முகம் தூரத்திலேயே தெரிந்துவிடும், தலையைக் குனிந்துகொள்வாள். பார்வை நன்றாக இருப்பதிலும் ஒரு தனிமை இருக்கத்தான் செய்தது.

சில நாளில் வாரியத்திலிருந்து ஆள் வந்து அழைப்பு கொடுத்தார். ஆண்டு விழா. அடிவரி வரை ஒரு தப்புகூட இல்லாமல் வாசித்த குழந்தை வாரிய வரலாற்றிலேயே சிட்டுதானாம். அவளுக்கு 'ஒளிவிழிச் சிறுமி' என்ற பட்டம் தரப்போகிறார்கள்.

சிட்டுவின் அம்மா டோக்கன்காரரிடம் ஓடினாள்.

"போகாம இருந்துடவா சார்?"

"போங்க." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இயக்குநர் வருஷா வருஷம் ஒண்ணு செய்வாரு. பட்டம் வாங்கின குழந்தையை மேடையில நிறுத்தி, கூட்டத்துல அம்மா எங்க இருக்காங்கன்னு கண்டுபிடிச்சுக் கை காட்டச் சொல்வாரு. கைதட்டல் பிச்சுக்கும். அதுல ஒரு குழந்தை தடுமாறுச்சுன்னு வைங்க, அத்தனை பேர் முன்னாடி நடந்ததை அவரே மறைக்க முடியாது. அங்கேயே கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்."

"அவ தடுமாறணும்னா..."

"நீங்க பின்னால உக்காருங்க. வாயைத் திறக்காதீங்க. குழந்தைகிட்டயும் சொல்லாதீங்க. பாஸ் பண்ணியே தீருவேன்னு நிக்கிற குழந்தை அது."

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஆசிரியை மாற்றுச் சீட்டை எழுதி வைத்துவிட்டதாகக் கேள்வி.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. சிட்டுவை முன்னாலேயே மேடைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அம்மா கடைசி வரிசையில், தூண் ஓரமாக, சாம்பல் நிற உடையில் உட்கார்ந்தாள். அந்த வரிசையில் பாதிப்பேர் சாம்பல் நிறம்தான். அவள் அதைப் பார்த்துத்தான் இடம் பிடித்திருந்தாள். பஞ்சறையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தொண்டையில் எப்போதும் ஒரு இருமல் குடியிருக்கும். அதை அடக்கக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இயக்குநர் எழுந்தார். கம்பீரமான மனிதர். பேசும்போது கூட்டத்தைப் பார்க்காமல் கூட்டத்துக்கு மேலே இருந்த மின்விசிறியைப் பார்த்துப் பேசினார்.

"நண்பர்களே! இந்த வாரியம் ஆரம்பிச்ச வருஷம் நாம ஏராளமான கண்ணாடி கொடுக்க வேண்டியிருந்தது. காரணம், அன்னைக்கு நம்ம பரிசோதனை அவ்வளவு கறாரா இல்ல. வருஷா வருஷம் விதிகளைச் செம்மைப்படுத்தினோம். கண்ணாடி குறைஞ்சுது. இந்த வருஷம் ஒண்ணுகூடக் கொடுக்கலை!" கைதட்டல். "இதுக்கு என்ன அர்த்தம்? பார்வைக் குறைபாட்டை நாம ஒழிச்சுட்டோம்னு அர்த்தம். சில பேர் கேக்குறாங்க, கண்ணாடியே கொடுக்காத வாரியத்துக்கு எதுக்கு இத்தனை அலுவலர்கள்னு. நான் கேக்குறேன், இத்தனை அலுவலர்கள் இல்லைன்னா கண்ணாடி கொடுக்காம இருந்திருக்க முடியுமா?"

மண்டபம் அதிர்ந்தது. மின்விசிறி மட்டும் அமைதியாகச் சுற்றியது.

பிறகு சிட்டுவை முன்னால் கொண்டுவந்து ஒலிபெருக்கிக்கு அருகில் நிறுத்தினார்கள். ரிப்பன் கட்டிய பட்டயத்தைக் கையில் கொடுத்தார்கள்.

"கண்ணு, இப்போ அம்மா எங்க இருக்காங்கன்னு மாமாவுக்குக் காட்டு பார்க்கலாம்."

சிட்டு பார்த்தாள். இடதுகோடியிலிருந்து வலதுகோடி வரை மெதுவாகத் தலையைத் திருப்பினாள். அந்தப் பார்வை அம்மாவின் மேலும் பட்டுக் கடந்துபோனது, சுவரைக் கடப்பதுபோல. மறுபடி வலதிலிருந்து இடதுக்கு வந்தது. உதவி செய்யும் ஆசையில் முன்வரிசைக்காரர்கள் கையை ஆட்டினார்கள். சிட்டு பொதுவாக எல்லோருக்கும் சிரித்து வைத்தாள். சிரிப்பு கொஞ்சநேரம் முகத்தில் நின்றது, பிறகு ஓரங்களில் தளர்ந்தது.

அம்மா அசையவில்லை.

சிட்டு ஒலிபெருக்கியின் பக்கம் சாய்ந்தாள். ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அம்மா, ஒரே ஒரு தடவை இருமேன்."

சிலர் சிரித்தார்கள். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் அத்தனை அம்மாக்களுக்கு நடுவில் சிட்டு நேராகத் தன்னிடம் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாளே! முகத்தைப் பார்த்துத்தான் வருகிறாள் என்று இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். கூட்டத்தில் ஒருத்தியாவது தன் முகத்தைத் தேடுகிறாள் என்று தினமும் அதில் ஒரு சின்ன சந்தோஷம். குழந்தை முகத்தைத் தேடவே இல்லை. பஞ்சுத் தூசி கிளப்பும் இருமலைத்தான் தேடியிருக்கிறது.

தொண்டையில் இருமல் முட்டியது. நெஞ்சு குலுங்கியது. கண்ணில் நீர் வந்தது. ஒரு இருமல் போதும். அந்த முகம் சட்டென்று இந்தப் பக்கம் திரும்பும், விரல் நீளும், கைதட்டல் பிச்சுக்கும். அப்புறம் வராந்தாவின் கோடி அறை. அவள் கைக்குட்டையைப் பந்தாகச் சுருட்டிப் பல்லால் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர், "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்றார். இல்லை என்று தலையாட்டினாள்.

சிட்டு காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். இருமல் வரவில்லை.

"எங்கம்மா வரலை," என்றாள் கடைசியில். புகாராகச் சொல்லவில்லை. வகுப்பில் வராதவர் பெயரைச் சொல்வதுபோல, தெளிவாக.

இயக்குநர் முதல்முறையாக மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினார். ஒரு கணம் தடுமாறினார். அடுத்த கணம் அவருக்குள் இருந்த அலுவலர் விழித்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா நண்பர்களே! இருமல் நோயாளி ஒரு தாய். குழந்தையோட பெருமையைப் பார்க்கக்கூட வரலை. முழுப் பார்வை உள்ள இந்தக் குழந்தைக்கு, துணை மட்டும் இல்ல! கூட்டத்தை இப்படி அலசிப் பார்த்து, தாய் இல்லைன்னு எவ்வளவு துல்லியமாக் கண்டுபிடிச்சுது பாருங்க! பதினோராம் விதி என்ன சொல்லுது? துணை இருந்தா கண்ணாடி கிடையாது. அப்போ துணை இல்லைன்னா? இந்த வாரியமே தாய்! இந்தத் தாய், இந்த மேடையிலேயே, கண்ணாடிக்குக் கையெழுத்துப் போடுறா!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "பெத்தவ எங்க போய்த் தொலைஞ்சாளோ, ராட்சசி," என்றார் பக்கத்தில் இருந்தவர். எல்லோரும் நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருந்தால் அடையாளம் தெரிந்துவிடும் என்று சிட்டுவின் அம்மாவும் எழுந்து நின்றாள். கைக்குட்டையைக் கடித்தபடியே கைதட்டினாள்.

கூட்டம் கலைந்தபின் பக்கவாட்டு வாசலில் டோக்கன்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் மருத்துவருக்கான உத்தரவுச் சீட்டு, மறுகையில் சிட்டுவின் விரல். அம்மா மரத்தடிக்கு வந்து, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து இருமினாள். சிட்டுவின் தலை சட்டென்று திரும்பியது.

"அம்மா!"

டோக்கன்காரர் விரலை விடவில்லை. உள்ளேயிருந்து பரிசோதகர் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாய் வராத குழந்தைன்னு உத்தரவாயிருக்கும்மா. தாய்கிட்ட ஒப்படைச்சா உத்தரவு செல்லாது." அவர் அவளை அன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். "குழந்தைக்கு நீங்க யாரு?"

அவள் சீட்டைப் பார்த்தாள். பச்சை மையில் இயக்குநரின் கையெழுத்து இன்னும் காயவில்லை.

"பக்கத்து வீடு," என்றாள்.

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். சீட்டைக் கொடுக்கும்போது, "நாளைக்குக் காலையிலேயே டாக்டர்கிட்ட போயிடுங்க. அங்கயும் இதையே சொல்லுங்க," என்றார் மெதுவாக. கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் எங்கே பார்த்தன என்று தெரியவில்லை.

தெருவுக்கு வந்ததும் சிட்டு கேட்டாள். "ஏம்மா பக்கத்து வீடுன்னு சொன்ன?"

"அவங்களுக்கு அப்படிச் சொன்னாத்தான் புரியும்."

"நீ எப்ப வந்த?"

"இப்பத்தான். கடையில விடலை."

சிட்டு பட்டயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குதித்துக் குதித்து நடந்தாள். கண்ணாடி வந்ததும் முதலில் யார் யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கப்போவதாகச் சொன்னாள். பலகையில் எழுதுவதையெல்லாம் தானே பார்த்து எழுதப்போகிறாளாம். கொஞ்ச தூரம் போனதும் நின்று, அம்மாவின் கையை இழுத்து, பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்.

"நல்லவேளைம்மா, நீ வரலை. வந்திருந்தா கண்ணாடி கிடைச்சிருக்காது."

"ஆமாடி, நல்லவேளை," என்றாள் அம்மா.